ம், வந்து, அதாவது

"மனுஷன் பேசுதான் பாரு, அதுல பாதி…" என்று பெரியப்பா தம் மகள் கல்யாணப் பந்தியில் என்னிடம் ஏதோ சொன்னார். மீதி எனக்கு நினைவில்லை. "பேச்சே இல்லடே" என்று முடித்தாரா, "நமக்குச் சொன்னதில்லடே" என்று முடித்தாரா, இல்லை அதற்குள் சொதி வாளி வந்துவிட்டதால் முடிக்காமலே இலையைப் பார்த்துக் குனிந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, சொதி நன்றாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

நான் புன்னைவனம். நாற்பத்தெட்டாவது வயதில், ஷார்ஜாவில் அலுமினிய ஜன்னல் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தொரு வருஷம் காகிதங்களைக் கோப்பிலும் கோப்புகளை அலமாரியிலும் வைத்துவிட்டு, சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தேன். "எனக்கு இனிமே கையகலப் புருஷன் வேண்டாம், ஆளுயரப் புருஷன் வேணும்" என்று என் மனைவி ஆவுடைச்செல்வி ஒரு நாள் போனில் சொல்லிவிட்டு, போனைத் தோசை மாவுப் பானைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டதுதான் காரணம். மேனேஜர் நல்ல மனிதர், ஆறு மாதம் என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகவும் அதற்குள் ஊரில் ஒரு பிழைப்பு அமையாவிட்டால் திரும்பி வரலாம் என்றும் சொல்லி அனுப்பினார். ஐந்து மாதம் வரை எதுவும் அமையவில்லை. ஆறாவது மாதம் பிறந்தபோது, பரண்மேல் ஏற்றிவைத்த என் பெட்டியைச் செல்வி ஒரு நாளைக்கு இரண்டு முறை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த மாதம்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. யாரோ எங்கோ பதிவு செய்த பேச்சைக் காதில் மாட்டிக் கேட்டு, அதை எழுத்தாகத் தட்டி அனுப்ப வேண்டும். ஆபீஸ் கிடையாது, வீட்டிலிருந்தபடியே, கண்ணில் படாத முதலாளிக்குக் கண்ணில் படாத உதவியாளன். எட்டாம் வகுப்புவரை தமிழிலும் அதற்குமேல் பாளையங்கோட்டை விடுதியில் இங்கிலீஷிலும் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் தட்டுவேன் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பெங்களூரில் இருந்த ஒரு ஆய்வு நிறுவனம் ஐந்து கோப்புகளைப் பரீட்சையாக அனுப்பிவைத்தது. ஐந்தும் தேறினால் ஒரு வருஷ ஒப்பந்தம். ஒரு கோப்பில் தவறினால் மன்னிப்பு உண்டு, இரண்டாவதில் தவறினால் நன்றி, வணக்கம்.

இந்தத் தொழிலுக்கு மூன்று சாமான் வேண்டும். காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று, காலால் அழுத்தினால் பேச்சு ஓடி, காலை எடுத்தால் பேச்சு நிற்கிற பெடல் ஒன்று, மூன்றாவது அமைதி. முதல் இரண்டும் கூரியரில் வந்துவிட்டன. எங்கள் தெருவிலோ வீட்டுக்கு வீடு விசைத்தறி. பக்கத்து வீட்டு வெள்ளத்துரைக்கு மட்டும் எட்டுத் தறி, அது எட்டும் ஓடினால் எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் தானாகத் தளும்பும். அதனால் மின்சாரம் போனால் தெருவே தலையில் அடித்துக்கொள்ள, நான் மட்டும் சாமி கும்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன், பேட்டரி தீர்வதற்குள் தட்டித் தீர்க்க வேண்டும். நாற்பது நிமிஷப் பேச்சான முதல் கோப்பை எழுதி முடிக்க எனக்கு ஐந்து மின்வெட்டு ஆனது.

அந்த முதல் கோப்பில் ஒரு லாரி டிரைவர் பேசியிருந்தார். அவர் சொன்ன சொல் ஒன்றுகூடத் தவறாமல், இருமினதை இருமல் என்றும், வெற்றிலை துப்பினதைத் துப்பல் என்றும், ஒரு வாக்கியத்துக்கு நாலு "வந்து" வந்தால் நாலையும், அத்தனையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து நிவேதனா என்ற பெண் போன் செய்தாள்.

"ஸார், ரொம்ப உழைச்சிருக்கீங்க. ஆனா ஃபெயில்."

"ஏம்மா, எதையும் விடலியே?"

"அதான் ஸார் தப்பு. விடணும். எங்களுக்குச் சுத்தப் படி வேணும். ம், வந்து, அதாவது, இருமல், தும்மல், திக்கல், சும்மா இருந்த நேரம், சொன்னதையே சொல்றது, எல்லாத்தையும் எடுத்துடணும். வழிகாட்டி பக்கம் நாலுல இருக்கு. மன்னிப்ப இப்பவே செலவழிச்சுட்டீங்க ஸார், இனி பாத்துப் பண்ணுங்க."

இரண்டாம் கோப்பில், வெங்காயம் பயிரிட்டு நஷ்டப்பட்ட ஒரு சம்சாரி பேசிய பேச்சிலிருந்து முதல் "வந்து"வை அழித்தேன். என் வலது காலுக்குப் பக்கத்தில் 'டப்' என்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தேன். பூண்டுத் தோல்போல் சுருண்டு, மினுமினுப்பாக, ஒரு விரல் நீளத்தில் ஒரு "வந்து" கிடந்தது. அடுத்து "ம்" ஒன்றை அழித்தேன், பூசணி விதை மாதிரி விழுந்தது. "அதாவது" முருங்கைக்காய் நார்போல் நீளமாக விழுந்தது. இருமல்கள் புளியங்கொட்டைகளாக உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. சும்மா இருந்த நேரங்கள் தறிப்பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் மெதுவாக இறங்கின, பெருமூச்சுகள் மட்டும் கீழே விழாமல் உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டன. ஒரு மணி நேரத்தில் கணுக்கால் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

செல்வி விளக்குமாற்றோடு வந்தாள். "ஏங்க, வேலை பாக்கியளா, கடலை திங்கியளா?"

"அது கடலத்தோல் இல்ல, அழிச்சது."

"எதுவா இருந்தா என்ன, குமிச்சு வைக்கக் கூடாதா?" என்று சொல்லிக் கூட்டி அள்ளி, கொல்லையில் இருந்த மல்லிகைச் செடிக்கு உரமாகக் கொட்டினாள். மூன்றாம் நாள் செடி ஏராளமாக மொட்டு விட்டது. சாயங்காலம் பாதி விரிந்த மொட்டுகள், அப்படியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டன. பூக்காரம்மா நாலு நாள் வந்து பார்த்துவிட்டு, "இது பூக்குமா பூக்காதான்னு அதுக்கே தெரியல தாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு செல்வி அவற்றைச் சிமெண்டுச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தாள்.

வாசலில் வைத்ததைத்தான் வெள்ளத்துரை பார்த்தார். அவருக்குப் பேச்சில் பிரேக் கிடையாது. மனதில் தோன்றியது மறு நொடி வாயில் இருக்கும். மகனுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே மருமகள் வைத்த குழம்பைப் பார்த்து, "இத மாடு குடிக்குமாம்மா?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார், அந்தப் பெண் பெட்டி எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

"என்ன வே புன்னை, சாக்குல என்ன?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சாக்குக்குள் கைவிட்டு ஒரு "வந்து"வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நூலின் தரம் பார்க்கிற கை. "நல்ல சரக்கு மாதிரி இருக்கே. நான் நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் பேசப் போறேன். ஒரு கைப்பிடி எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, குப்பைதானே."

மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்ததும், "பிள்ளைய அனுப்புவீரா மாட்டீரா" என்று வழக்கம்போல் வாய் திறந்தவருக்கு, பையிலிருந்து ஒன்று நழுவி நாக்குக்கு ஏறி, "வந்து…" என்று வந்ததாம், அடுத்து "அதாவது…" என்று வந்ததாம், அடுத்து ஒரு "ம்". எதிரில் இருந்த சம்பந்தி வாழ்நாளில் முதல்முறையாக வெள்ளத்துரை தயங்குவதைப் பார்த்து, மனுஷன் எவ்வளவு நொந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக் கண்கலங்கி, இவர் எதையும் கேட்பதற்கு முன்பே, "நாங்களே கொண்டாந்து விடுதோம்" என்று சொல்லிவிட்டாராம். மருமகள் அன்று சாயங்காலமே வந்து இறங்கினாள். வெள்ளத்துரை அதற்கு நன்றியாக, தினமும் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை எட்டுத் தறியையும் நிறுத்திவிடுவதாகச் சொன்னார். மற்ற வீட்டுத் தறிச் சத்தத்தை ஹெட்போனே அடைத்துக்கொள்ள, மின்வெட்டுக்குக் காத்திருக்கிற வேலை எனக்கு அன்றோடு முடிந்தது.

மறுநாள் காலையில் வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். லோன் வாங்கப் போகிறவர்கள் "அதாவது" கேட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் "ம்" கேட்டார்கள். விளக்கெண்ணெய்க் கடைக்காரர், கடன் கேட்டு வருகிற மைத்துனனிடம் சொல்வதற்கு ஒரு நீளமான இருமல் இருந்தால் தேவலை என்றார். நாலு பேர் ஒரே "வந்து"வைப் பிடித்து இழுத்துக் கைகலப்பு ஆகும்போல் இருந்ததால், எதிர்வீட்டு ஞானசெல்வம் டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். முப்பத்துநாலு வருஷம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், வரிசை கோணினால் அவருக்குத் தூக்கம் வராது.

"டோக்கன்," என்றார். "செவ்வாய், வெள்ளி. ஒரு வீட்டுக்கு அஞ்சு. சும்மா இருந்த நேரம் வேணுங்கிறவங்க தனி வரிசை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு கூட."

"எனக்கு வாயே கிடையாது டீச்சர், எனக்கு எதுக்குத் தயக்கம்?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"அப்ப எதுக்கும்மா நிக்க?"

"எல்லாரும் நிக்காவல்லா."

இப்படி இரண்டே வாரத்துக்குள் எங்கள் தெரு நயமாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் "ஏன்டி உன் குடத்த எடுக்கியா இல்லியா" என்று ஆரம்பித்த சண்டை, நடுவில் ஒரு "அதாவது" விழுந்து, மீதி மறந்து, இரண்டு பேரும் இட்லிக்கு உளுந்து எவ்வளவு போடுவது என்று பேசத் தொடங்குவதில் முடிந்தது. கவுன்சிலர் ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிப்போய்க் கூட்டத்தில் முழுதாக ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார், அவர் அரசியல் வாழ்க்கையில் அதற்குத்தான் அதிகம் கைதட்டல். விளம்பர ஆட்டோக்காரர் தெரியாமல் ஒலிபெருக்கிக்குள் கொஞ்சம் பஞ்சைச் சிந்திவிட்டார், ஒரு மத்தியானம் முழுக்க ஊரைச் சுற்றி மௌனத்தை உரக்க ஒலிபரப்பினார், கைக்குழந்தைகள் எல்லாம் தூங்கின, விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடையில் கூட்டம் தாங்கவில்லை. கெடுதலும் இல்லாமல் இல்லை. டோக்கனுக்குமேல் வாங்கிய கல்யாணத் தரகர் ஒருவர் ஒரு ஜாதகத்தை "அதாவது" என்று விளக்கத் தொடங்கியது ஒன்பது நாள் ஆகியும் முடியாமல், பெண்ணும் பையனும் தாங்களாகவே பேசி நாள் குறித்துக்கொண்டார்கள். உத்தரத்துப் பெருமூச்சுகளை மட்டும் யாரும் கேட்கவில்லை, எல்லோரிடமும் சொந்தமாக இருந்தன.

இதற்கிடையில் இரண்டு, மூன்று, நாலு என்று கோப்புகள் தேறின. சம்சாரி, மீனவர், மருத்துவச்சி என்று எல்லோரும் என் கையில் சுத்தமாகி, தடங்கலே இல்லாமல் பேசுகிறவர்களாகப் பெங்களூருக்குப் போனார்கள். "சூப்பர் ஸார், கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள் நிவேதனா. "அஞ்சாவதும் இப்படி வந்துட்டா வெள்ளிக்கிழமையே ஒப்பந்தம் அனுப்பிடறேன்." மேனேஜர் கொடுத்த ஆறு மாதமும் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. செல்வி பரணைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு உளுந்தங்களி கிண்டுவதாகச் சொன்னாள்.

ஐந்தாவது கோப்பை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, தறிகள் நின்றதும் திறந்தேன். ஏதோ ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிற பெண்களிடம் எடுத்த பேட்டி. பெயர் இருக்காது, எண்தான், இவள் ஏழு. வயது இருபத்திரண்டு. ஊர், படிப்பு, எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், விடுதிச் சோறு எப்படி என்று எல்லாவற்றுக்கும் கலகலவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள், சாம்பாரில் பருப்பைத் தேடத் தனியாக ஆள் போட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். பேட்டி எடுத்தவர் கேட்டார்: "கையில விரல் போச்சே, அன்னிக்கு மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சா, நிறுத்தியிருந்தாங்களா?"

ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஓர் ஆண் இருமினார். பேட்டி எடுத்தவர் ஒரு பெண், ஆகவே அவர் இல்லை. அதற்குப் பிறகு பதினோரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு அவள், "ம்… வந்து… நிறுத்தித்தான் இருந்துச்சு. நாந்தான் கவனமில்லாம கையை விட்டுட்டேன்" என்றாள்.

வழிகாட்டி பக்கம் நாலின்படி இருமலை எடுத்தேன், "ம்"மை எடுத்தேன், "வந்து"வை எடுத்தேன், கடைசியாகப் பதினோரு நொடியை எடுத்தேன். பஞ்சுபோல் இறங்க வேண்டியது 'தொம்' என்று விழுந்தது, தரை ஓடு மூன்று விரிசல் விட்டது, அடுக்களையில் தட்டுகள் சரிந்தன. அம்மிக்கல் அளவுதான் இருந்தது, கறுப்பு. நகர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. திரையில் எஞ்சியிருந்த வரி, "நிறுத்தித்தான் இருந்துச்சு. நாந்தான் கவனமில்லாம கையை விட்டுட்டேன்" என்று, கேட்டவுடன் யாரும் கட்டாயப்படுத்தாமல் அவளாகச் சொன்ன மாதிரி, கண்ணாடியாக நின்றது.

சத்தம் கேட்டு வெள்ளத்துரை வந்தார். அவர் கூப்பிட்டுத் தறிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். கடப்பாரை வந்தது, பாவு உருளை தூக்குகிற கயிறு வந்தது. ஐந்து பேர் சேர்ந்து மூச்சுப்பிடித்தும் ஒரு நூல் நகரவில்லை.

"என்ன வே இது, எங்க கெடச்சுது?"

சொன்னேன். டீச்சரும் கேட்டுக்கொண்டிருந்தார். டோக்கனோடு மறுநாளைக்கு இடம் பிடித்து நின்றவர்களின் வரிசை கலைந்து எல்லோரும் ஜன்னலில் நின்றார்கள்.

"சரி, யாருக்கு வேணும்?" என்றார் டீச்சர், வழக்கப்படி. யாரும் டோக்கனை நீட்டவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எடுத்துக்கிடுங்க," என்றேன்.

வெள்ளத்துரை வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் அன்று ஒரு "வந்து"கூட இருப்பு இல்லை போலிருக்கிறது. "இத வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட என்னத்தப் பேச? இருமினவன் எவன்னு கேளும், அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுதேன்," என்றார்.

பெங்களூருக்குப் போன் செய்தேன். அந்த ஓர் இடத்தை மட்டும் அழிக்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"ஸார், பக்கம் நாலு."

"தெரியும்மா. ஆனா அத எடுத்துட்டா, அந்தப் பிள்ள சொன்னது வேற மாதிரி ஆகுது."

"அவ சொன்ன வார்த்தைல எதையும் நாம மாத்தலையே ஸார். இத வச்சு அறிக்கை எழுதுவாங்க, அது ஆலைக்காரங்களுக்கும் போகும். படிக்கிறவங்களுக்கு இருமல் எல்லாம் எதுக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோப்பைச் சரி பாக்கிறது நான் இல்ல ஸார், மேல. பக்கம் நாலுக்கு மாறா ஒண்ணு இருந்தாலும் திருப்பிடுவாங்க. உங்களுக்கு மன்னிப்பு பாக்கி இல்ல. நாளைக்கு ஒரு மணிக்குள்ள அனுப்பிடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் செல்வி உளுந்தங்களிக்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தை முறத்தில் எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரவு முழுக்க நாங்கள் அதைச் சுற்றித்தான் நடந்தோம், அவள் இரண்டு முறை கால் இடித்துக்கொண்டாள். விளக்குமாற்றின் அடிக்கட்டையால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு உரிக்கத் தொடங்கினாள்.

"அந்தப் பிள்ள பேரு என்ன?"

"பேரு இல்ல. ஏழுன்னு இருக்கு."

"எந்தக் கை?"

"அதக் கேக்கலை."

வெங்காயம் உரிபட்டுக்கொண்டே இருந்தது. வெளியே டீச்சர் டோக்கன் கிடையாது என்று சொல்லி வரிசையைத் திருப்பி அனுப்புவது கேட்டது. பதினோரு மணிக்கு வெள்ளத்துரையின் எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக நின்றன.

"பரண்ல இருந்து பெட்டிய எறக்கணும்னா சொல்லுங்க," என்றாள் செல்வி, தலை நிமிராமல். "ஸ்டூல் எடுத்துப் போடுதேன். உங்களுக்கு எட்டாது."

நான் ஹெட்போனை மாட்டி, பெடலில் கால் வைத்து, அந்த இடத்துக்குப் போனேன். நாற்காலி நகர்ந்தது, ஓர் ஆண் இருமினார், பதினோரு நொடி மௌனம், ம், வந்து என்று அத்தனையையும் இருந்த இடத்தில் இருந்தபடியே எழுதி, பன்னிரண்டே காலுக்குக் கோப்பை அனுப்பினேன்.